மீனைக் கீறிய பிறகுதான் சமையல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் வீடு. சிறுவர் புத்தகங்களுக்கு நீர்வர்ணத்தில் படம் கீறுவது தொழில். கீறுவது என்றால் எங்கள் ஊர்ப்பேச்சில் வரைவது. கத்தியால் கிழிப்பதும் கீறுவதுதான். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டுக் காலைப்பொழுது ஓடுகிறது.

பாடசாலைகளுக்குப் போனாலும் சரி, புத்தகக் கண்காட்சியில் நின்றாலும் சரி, படங்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், வீட்டில் ஏச்சு விழாதா என்பதுதான் கேள்வி. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பார்த்தால், மற்ற ஓவியர்களைச் சந்திக்கும்போது நானும் இதையேதான் கேட்கிறேன். ஆகவே பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?

நாலரைக்கு. சொன்னவுடன் "அந்த நேரத்தில்தான் கற்பனை ஊறும், என்ன?" என்பார்கள். அந்த நேரத்தில் உளுந்துதான் ஊறியிருக்கும், அதுவும் முதல்நாள் இரவே போட்டிருந்தால்.

மனைவி ஆசிரியை. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். மகளும் அவருமாக ஆறே முக்காலுக்கு வெளிக்கிட வேண்டும். அதற்குள் காலைச் சாப்பாடு, மதியத்துக்குக் கொஞ்சம் ஆயத்தம், மகளின் தலைப்பின்னல், காணாமல் போன ஒரு சப்பாத்து, எல்லாம் நடந்தாக வேண்டும். அவித்த கோதுமை மாவும் வறுத்த அரிசி மாவும் கலந்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் இடியப்பம் பிழிவது என் பங்கு. சொதியும் சம்பலும் மனைவியின் பங்கு. இடியப்பம் பிழிவது தூரிகை பிடிக்கும் கைக்கு நல்ல பயிற்சியாமே என்று ஒருவர் கேட்டார். தோள்வலிதான் மிச்சம்.

அப்படியானால் படம் கீறும் நேரம் எது?

மீன்காரர் வந்த பிறகு. அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வருவார். ஹோர்ன் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நான் தண்ணீர்ப் போத்தலையும் வர்ணத் தட்டையும் விறாந்தையில் எடுத்து வைத்துவிடுவேன். மாமி, அதாவது மனைவியின் அம்மா, படலையடிக்குப் போய் மீன் தெரிவார். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார், கண் தெளிவாகப் புடைத்து நிற்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை விரலால் அழுத்துவார். வாங்கிய மீன் நேரே குசினிக்குப் போகாது. ஈரத்துணி விரித்த தட்டத்தில் என் முன்னால் வரும்.

அதிலிருந்து எனக்கு ஒரு மணித்தியாலம். மாமி சுளகில் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். இடையிடையே "கீறியாச்சா தம்பி? அப்ப நான் கீறட்டா?" என்று கேட்பார். அவர் கையில் இருப்பது கத்தி.

போட்டோ எடுத்து வைத்து, ஆறுதலாகக் கீறலாமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கீரிமீனை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு மீன், எல்லாரும் சாப்பிட்டிருப்பீர்கள். அதன் விலாவில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். என்ன நிறம் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் கறுப்பு என்பார்கள். சந்தையில் அவர்கள் பார்ப்பது கறுப்புத்தான். ஆனால் கடலால் வந்த கையோடு பார்த்தால் அவை பொன்னிறம். கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் ஒரு குவியல் முழுக்கப் பொட்டு வைத்தது போல மினுங்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துவிடும். மீன்காரர் எங்கள் படலைக்கு வரும்போது சிலவற்றில் பொன் மிச்சம் இருக்கும், சிலவற்றில் பாதி போயிருக்கும். அந்தப் பாதியைத்தான் நான் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

கணவாய் இன்னும் விசித்திரம். இப்போதுதான் பிடித்த கணவாயின் தோலில் மண்ணிறப் பொட்டுகள் தாமாகவே விரிந்து சுருங்கும். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஆட்டம் நிற்காது. அதன் பிறகு வெறும் வெள்ளை.

அடுத்தது வெள்ளி நிறம். மீன் தோலில் வெள்ளி என்று ஒரு சாயம் கிடையாது. குவானின் என்ற பொருள் மெல்லிய தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கிறது, அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதாவது மீன் ஒரு கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அது அதில் தெரியும். ஒருமுறை ஒரு பாரையின் வயிற்றில் அருமையான நீலம் கண்டு, ஆசை ஆசையாகக் கீறி முடித்தேன். பிறகு எழும்பி நின்றபோது நீலம் போய்விட்டது. அது நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நீலம். படத்தை மாற்றவில்லை, புத்தகத்தில் அப்படியேதான் வந்தது.

போன் கமரா இந்த வெள்ளியைப் பார்த்தவுடன் குழம்பி, ஒன்றில் வெள்ளையாக எரித்துவிடும், இல்லாவிட்டால் சாம்பலாக்கிவிடும். கணக்குக்கு ஒரு போட்டோ எடுத்து வைப்பேன், செட்டைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க. நிறத்துக்கு அதை நம்புவதில்லை.

படங்களை முதலில் யாருக்குக் காட்டுவீர்கள்?

காட்டுவதற்கு முன்பே மாமி பார்த்துவிடுவார். அவர் சித்திரம் படித்தவர் அல்ல, ஆனால் அறுபது வருடமாக மீன் வெட்டுகிறார். ஒருநாள் நான் கீறிய விளைமீனை எட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்து ரெண்டு நாள்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு பார்த்தால், கண்ணின் கறுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய சாம்பல் வளையம் விட்டிருந்தேன். அழகுக்காகப் போட்டது. பழுதாகும் மீனின் கண்தான் அப்படி மங்கும். பதிப்பாசிரியர் ஒருவரும் அதுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

எங்கே இருந்து வேலை செய்கிறீர்கள்?

விறாந்தையில், வடக்குப் பார்த்த பக்கம். ஒரு பழைய பாடசாலை மேசை, பின்னல் அறுந்து நைலோன் கயிறு கட்டிய ஒரு கதிரை. தனி அறை கட்ட வேண்டும் என்று 10 வருடமாகக் கதைக்கிறோம்.

என்ன கடதாசி, என்ன வர்ணம் பாவிக்கிறீர்கள்?

பஞ்சில் செய்த, சதுர மீற்றருக்கு 300 கிராம் கனமுள்ள கடதாசி, கிடைத்தால். வர்ணத்தில் பத்துக் குழாய்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. கறுப்புக் குழாயே இல்லை. அல்ட்ராமரீன் நீலத்தையும் பேர்ன்ட் சியன்னா மண்ணிறத்தையும் கலந்தால் மீனுக்குத் தேவையான சாம்பல் நிறங்கள் எல்லாம் வரும். நீலத்தைக் கூட்டினால் சூரை, மண்ணிறத்தைக் கூட்டினால் திருக்கை. வெள்ளை வர்ணமும் குறைவு, மினுக்கம் வேண்டிய இடத்தில் கடதாசியைச் சும்மா விட்டுவிடுவேன். கீறுவதைவிட விடுவதுதான் கஷ்டம்.

"கிடைத்தால்" என்றேன் அல்லவா. 2022இல் நாடே கடதாசிக்குத் தவித்தது. அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைக்கூடக் கடதாசி இல்லாமல் ஒத்திவைத்தார்கள். ஓவியக் கடதாசியை யார் கொண்டுவருவார்கள்? நான் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் கீறினேன். வழுவழுப்பான தாள், தண்ணீர் நிற்காது, வர்ணம் குளம் கட்டும். படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே மீனும் இல்லை. பல கிழமைகள் தொடர்ந்து முருங்கைக்காயும் பூசணியும் கீறியிருக்கிறேன். மாமிக்கு அந்தப் பூசணி பிடித்திருந்தது. இப்போதும் குசினிச் சுவரில் தொங்குவது அதுதான், மீன் எதுவும் இல்லை.

கடலோரக் காலநிலையில் நீர்வர்ணம் சரிவருமா?

சரிவராது. வருடத்தில் இரண்டு விதமாகச் சரிவராது.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் அடிக்கும். (எங்கள் ஊரில் கச்சான் என்றால் வறுத்துக் கொறிக்கும் கடலையும் உண்டு, இது காற்று.) தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கும்போது உலர்ந்து கொதித்துப் போயிருக்கும். தூரிகையை ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம் கொண்டுபோவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதற்கு ஒரு பழைய தந்திரம், வர்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுத் தேன் விடுவது. தேன் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நானும் விட்டேன், நன்றாக வந்தது. காலையில் பார்த்தால் எறும்புகள் சூரையின் வால் நெடுக ஊர்வலம் போகின்றன. வாலில்தான் வர்ணம் தடிப்பு, தேனும் அங்கேதான் கூட. எறும்புகளையும் சேர்த்துக் கீறிவிடு என்றாள் மகள். இப்போது தேனுக்குப் பதில் கிளிசரின்.

ஐப்பசியில் வாடை தொடங்கினால் கதை தலைகீழ். தை வரைக்கும் எதுவும் காயாது. படத்தைக் குசினியில் அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைப்பேன், அதனால் சில படங்களில் மீன்குழம்பு வாசம் நிஜமாகவே இருக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை பூஞ்சணம். நல்ல கடதாசியில் வர்ணம் உறிஞ்சப்படாமல் மேலேயே நிற்பதற்காக ஜெலற்றின் பூசியிருப்பார்கள். பூஞ்சணத்துக்கு அது விருந்து. வெளியே ஒன்றும் தெரியாது. வர்ணம் வைத்தவுடன் அந்த இடம் மட்டும் மையொற்றுத்தாள் போலக் குடித்துவிடும், மீனின் முதுகில் தேமல் விழும். ஒரு வருடம் முப்பது தாள் இப்படிப் போனது. அழுகை வந்தது, காசு அப்படி.

பிறகு பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் வழி சொன்னார். அவர் முன்பு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அலுமாரியின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டால் உள்ளே ஈரம் சேராது, லென்சுகளை அப்படித்தான் காப்பாற்றினாராம். உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் எல்இடி வந்துவிட்டதால், சூடாகும் பழைய பல்ப் தேடித் திரிய வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "அண்ணா, இது கரண்ட் கூடக் குடிக்குமே" என்கிறார். குடிக்கட்டும்.

மதியச் சமையல் யார்?

நானும் மாமியும். மனைவியும் மகளும் வர இரண்டே கால் ஆகும், ஆகவே எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. மீன் வெட்டுவது மாமி, தேங்காய் துருவுவதும் பால் பிழிவதும் நான். தாளிப்பதை இன்னும் என் கையில் தரவில்லை. கல்யாணமாகி 14 வருடம்.

பிடித்த சாப்பாடு என்ன?

கீரிமீன் குழம்பு, ஆனால் மறுநாள்.

சமைக்கும் விதத்தைப் பலர் கேட்கிறார்கள். மண்சட்டியில் கொஞ்சம் எண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய். வதங்கியதும் பழப்புளிக் கரைசலும், வறுத்து இடித்த தூளும், தேங்காயின் இரண்டாம் பாலும். இது நன்றாகக் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகுதான் மீன். மீன் போட்டபின் அகப்பை போடக்கூடாது, சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். கடைசியில் முதற்பால், அது விட்டபின் கொதிக்க விடக்கூடாது. அன்றைக்குச் சோற்றோடு நல்லது. மறுநாள் காலை மிஞ்சியதைச் சுண்டவைத்து, சட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் றோஸ் பாணை முறித்துச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட வேண்டும். அதற்காகவே இரண்டு மீன் ஒளித்து வைப்பேன். மாமிக்குத் தெரியும், எங்கே வைப்பேன் என்றும் தெரியும்.

இரண்டாவது, பிட்டும் எருமைத் தயிரும் வாழைப்பழமும். தயிர் தம்பலகாமத்துத் தயிராக இருக்க வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளிகள் அங்கே இருக்கின்றன, எருமைகளும் இருக்கின்றன. தயிர் மண்சட்டியில்தான் உறைய வேண்டும். மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகும். பிளாஸ்டிக் கோப்பையில் விற்பதை நான் தயிர் என்று சொல்வதில்லை.

நோன்பு காலத்தில் கிண்ணியா நண்பர் வீட்டிலிருந்து கஞ்சி வரும். அவர்கள் வைக்கும் புளியாணத்தை மாமி பலமுறை வைத்துப் பார்த்தார், அந்தக் கைப்பக்குவம் வரவில்லை. அதை அவர் ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம்.

அப்புறம் பாலைப்பழம். கச்சான் அடிக்கும் காலத்தில் காட்டிலிருந்து வரும், மஞ்சளாய்ச் சின்னச் சின்னதாக. நாலைந்து சாப்பிட்டாலே பால் ஒட்டி உதடு திறக்காது. மகள் கேள்வி கேட்காமல் இருக்கும் ஒரே பருவம் அதுதான்.

கீறிய மீனைச் சாப்பிட மனம் வருமா?

சிறுவர்கள் எல்லாப் பாடசாலையிலும் கேட்பது. வரும். நன்றாகவே வரும்.

ஒரே ஒருமுறை தவறியது. மகளுக்கு ஐந்து வயது. உயிரோடு வாங்கிய நண்டுக்கு, நான் கீறிக்கொண்டிருக்கும்போதே அவள் பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு எப்படிச் சட்டியில் போடுவது? வாளியில் கொண்டுபோய்க் கடலில் விட்டோம். அன்றைக்குப் பருப்பும் முருங்கையிலை வறையும். அந்த நண்டின் விலையை மாமி இன்றுவரை மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?

வீட்டில் சைவம், ஆகவே மீன் இல்லை. ஸ்கேன் செய்வது, கடிதங்களுக்குப் பதில் போடுவது, காசு தராத ஒரு பதிப்பகத்துக்கு மரியாதையாக நினைவூட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். பின்னேரம் மாமியைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போவேன். சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வேலையே இல்லை. வாசலில் நிறைகுடம் வைத்து, வீதியைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான்.

வெளியே போய்க் கீறுவதில்லையா?

முன்பு போவேன், பிரட்ரிக் கோட்டைக்குள். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் மரநிழலில் இருந்தால் புள்ளிமான்கள் பக்கத்தில் வந்து நிற்கும். ஊருக்குள்ளேயே மான் திரிவது வெளியூர்க்காரருக்குப் புதினம், எங்களுக்கு ஆடு மாடு போல. ஒருநாள் தேத்தண்ணி வாங்கப் போய் வந்தேன், என் கொப்பியின் இரண்டு தாளை ஒரு மான் மென்றுகொண்டிருந்தது. கீறியிருந்ததும் மான்தான்.

இரவில் வேலை செய்வீர்களா?

இல்லை. டியூப் லைட்டில் நீலமெல்லாம் பொய். ஒன்பதரைக்கு நித்திரை.

கொழும்பில் இருந்தால் வாய்ப்புகள் கூட அல்லவா?

கூடத்தான். வருடத்தில் மூன்று நாலு தடவை இரவு ரயிலில் போகிறேன், கல்ஓயாச் சந்தியில் நித்திரை குழம்பும், விடியக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, வேலையை முடித்து, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். அங்கே மீன் கிடைக்கும், பொன் புள்ளியோடு கிடைக்காது.

மகளும் படம் கீறுவாளா?

இல்லை. அவளுக்குக் கணக்கில்தான் விருப்பம். இப்போது பதினொரு வயது. சனிக்கிழமைகளில் மீன்காரரிடம் மிச்சக்காசு சரிபார்ப்பது அவள் வேலை. போன கிழமை 40 ரூபாய் பிழை பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டு காசையும் தந்து, ஒரு கணவாயையும் கூடப் போட்டார். எனக்கு அன்று வேறு படம் முடிக்க இருந்ததால் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பிரட்டலுக்கு வெங்காயம் அரிந்தாகிவிட்டது.